உறைபனிக் காலத்தில் மெட்டல் டிடெக்டர்: கேள்வி பதில்

இங்கிலாந்து வயல்களில் பழம்பொருள் தேடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: குளிரில் ஏன் தேட வேண்டும்?

பதில்: கோடையில் வயலில் பயிர் நிற்கும். உழுத மண் மழையில் ஊறிப் படிந்தபின் கருவியின் அடியிலுள்ள தேடும் சுருளைத் தரையோடு ஒட்டி நகர்த்தலாம். கோதுமை முளைவிட்ட வயலில் மட்டும் இறங்காதீர்கள்.

கேள்வி: தரை உறைந்திருந்தால்?

பதில்: கருவிக்கு அது பெரிய தடையல்ல, தோண்டுவதுதான் சிக்கல். சென்ற சனவரியில், நல்ல ஒலி கேட்ட அவசரத்தில், கல்லாய் இறுகியிருந்த மேல்மண்ணை நெம்பினேன். கட்டி பிளந்தபோது, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு காலத்து வெள்ளிப் பென்னிக் காசு ஒன்று பாதி இந்தக் கட்டியிலும் பாதி அந்தக் கட்டியிலுமாக முறிந்து நின்றது. முறிந்த விளிம்பு மட்டும் புது வெள்ளியாய் மின்னியது. இப்போதெல்லாம் பனி இளகும்வரை காத்திருந்து, வெயில் முதலில் விழும் தெற்குச் சரிவில் தொடங்குகிறேன்.

கேள்வி: பேட்டரி சீக்கிரம் தீர்கிறதே?

பதில்: உதிரி பேட்டரியைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வையுங்கள்.

கேள்வி: காசை அங்கேயே தேய்த்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. மண்ணோடு பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: என் காசு என்ன விலை போகும்?

பதில்: நான் விலை சொல்வதில்லை.

கேள்வி: இருட்டும் நேரத்தில் புதையல் தென்பட்டால் முழுவதையும் எடுத்துவிடுவதுதானே பாதுகாப்பு? இரவில் திருடர்கள் வருவார்களே?

பதில்: இதை முழுமையாக மறுக்கிறேன். 1992 நவம்பரில், சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்னில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸ், ரோமானியக் காசுகள் வெளிப்பட்டதும் சிறிதளவே எடுத்துவிட்டு, தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்தார். அதனால்தான், மறுநாள் வந்த தொல்லியலாளர்களால், ஏறத்தாழ 15,000 காசுகளும் பொன் நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக் கண்டறிய முடிந்தது. வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: அவருக்கு ஆட்கள் வந்தார்கள். எனக்கு யார் வருவார்?

பதில்: குழியை மூடுங்கள், நில உரிமையாளரை அழையுங்கள், மக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவுசெய்யும், மாவட்டத்தின் தொல்பொருள் தொடர்பு அலுவலருக்குச் சொல்லுங்கள், தேவையானால் வண்டியில் அமர்ந்து காவல் இருங்கள். 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள், கிடைத்தது புதையலா என்று விசாரிக்கும் அதிகாரியான கொரோனருக்கும் அறிவித்தாக வேண்டும். வயலின் இருப்பிடத்தை மட்டும் இணையத்தில் எழுதிவிடாதீர்கள். திருடர்களுக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் நாமேதான்.

கேள்வி: வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வினிகரும் கூடாது, பல்துலக்கியும் கூடாது, அடுத்து நீங்கள் கேட்கப்போகும் எலுமிச்சையும் கூடாது.