இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற உக்ரைன் குத்துச்சண்டை வீரர் லோமசென்கோ, தொழில்முறையில் 2-வது சண்டையிலேயே தோற்றது எப்படி?

அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே தோல்வி; அதுவும் 2007 உலகப் போட்டி இறுதியில் ரஷ்ய வீரர் செலிமோவிடம். பெய்ஜிங் 2008, லண்டன் 2012 இரண்டிலும் தங்கம். ஆனால் பெய்ஜிங்கில் 2 நிமிடச் சுற்று நான்கு, லண்டனில் 3 நிமிடச் சுற்று மூன்றுதான். சுத்தமாக விழும் குத்துக்குத்தான் புள்ளி. ஒட்டி நின்று உடம்பில் இடிப்பதால் பெரிய லாபமில்லை.

2014 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் பட்டத்தை வைத்திருந்த மெக்சிகோ வீரர் சலிடோவுடன் மோதியது 12 சுற்று. சலிடோ அந்த எடைப்பிரிவின் 126 பவுண்டு வரம்பைத் தாண்டி வந்ததால் பட்டத்தை எடைத்தட்டிலேயே இழந்தார். தொழில்முறையில் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவார்கள். நீரும் உணவும் ஏறி, ரிங்குக்குள் அவர் இன்னும் கனமாகத்தான் நின்றார். ஆரம்பம் முதலே கயிற்றோரம் நெருக்கி விலாவிலும், பல முறை இடுப்புக்குக் கீழேயும் அடித்தார். நடுவர் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை.

அதற்காகப் பழியை முழுக்க நடுவர்மேல் போட முடியாது. முதல் பாதியில் லோமசென்கோ குத்தியதே குறைவு. கடைசிச் சுற்றில் சலிடோவைத் தள்ளாட வைத்தும் நேரம் போதவில்லை. இரண்டு நீதிபதிகள் 116-112, 115-113 என்று சலிடோவுக்கு. மூன்றாவது நீதிபதி 115-113 லோமசென்கோவுக்கு.

அதே ஆண்டு ஜூனில் லோமசென்கோ அமெரிக்க வீரர் கேரி ரசலை வென்று டபிள்யூ.பி.ஓ. (உலகக் குத்துச்சண்டை அமைப்பு) பட்டம் பெற்றார். 2018-இல் லினாரஸை வீழ்த்தியபோது 12 சண்டைகளில் மூன்று எடைப்பிரிவுப் பட்டங்கள்.