மரம் வாங்கப் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடு கட்டப் போகிறேன். நல்ல மரம் எது? (மல்லாவி)

எதற்கு என்று எழுதவில்லையே! நிலைக்கு முதிரை அல்லது பாலை, கதவுக்கு வேம்பு அல்லது முற்றிய தேக்கு, கூரைக்குப் பனஞ்சலாகை. பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வைரம் (மரத்தின் நடுவிலுள்ள முற்றிய கடினமான பகுதி) எவ்வளவு, காய்ந்ததா என்று பாருங்கள்.

கனடாவிலுள்ள மகன் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீட்டின் படம் அனுப்பியிருக்கிறார். பாலையில் அப்படிக் கட்டலாமா? (கனகபுரம்)

அங்கே பைன், ஸ்புரூஸ், சீடர் மரங்கள் நேராக வளரும், பாரமும் குறைவு. பாலை ஒரு கன அடியே 30 கிலோ வரும், தண்ணீரில் தாழும். நீளமான நேர்க்குற்றி தேடியும் கிடைக்காது. பச்சைக் குற்றியில் கட்டினால் 8 அடிச் சுவர் காயக்காயச் சில அங்குலம் இறங்கும். அதனால்தான் அங்கே கதவு நிலைக்கு மேல் இடைவெளி விடுகிறார்கள். இங்கே கறையானும் உண்டு. ஆசைக்கு விறாந்தைத் தூண்களை மட்டும் மரத்தில் வையுங்கள். அடியில் ஒன்றரை அடி சீமெந்துக்கட்டு கட்டாயம்.

போன மாதம் தறித்த பாலையில் உடனே நிலை செய்யலாமா? (ஒட்டுசுட்டான்)

செய்யாதீர்கள். மாரிக்கு முன் இதே கேள்வி வருடாவருடம் வருகிறது, எனக்கும் கோபம் வருகிறது. வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வரும், நிலை வைத்துக் காட்டினால்தான் அடுத்த கட்டம் என்பது தெரியும். ஆனால் ஈரமரத்தில் வைத்த நிலை சோளகம் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கியதும் முறுகும். கதவு பூட்டாது, சுவருக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். அப்புறம் ஓடாவியைத் திட்டுகிறீர்கள். நீங்கள் கொடுத்த மரத்தில்தானே அவர் செய்தார்?

முதலில் மரத்தை அரிந்துவிடுங்கள், குற்றியாகக் கிடந்தால் உள்ளே காயாது. நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்தி, நிழலில், 2 அடிக்கொரு குறுக்குச் சட்டம் வைத்து, காற்று ஊடே போகும்படி அடுக்குங்கள். வெயிலில் போட்டால் பாலை வெடிக்கும். இரு தலைப்புக்கும் பெயின்ற் பூசுங்கள். ஈரம் அதனூடாகத்தான் கெதியாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். ஒரு அங்குலப் பலகைக்கு ஒரு சோளகக் காலம் போதும், 3 அங்குலக் கட்டைக்கு ஒரு வருடம் தாண்டும். சந்தேகமென்றால் ஒரு துண்டை நிறுத்து எழுதிவைத்து, 2 கிழமை கழித்துத் திரும்ப நிறுங்கள். நிறை குறைந்திருந்தால் இன்னும் காயவில்லை. பொறுக்க நேரமில்லையா, கொங்கிறீற் நிலை வையுங்கள்.

எங்கள் வளவு வேம்பை அரிய மரக்காலையில் மறுக்கிறார்கள். (புதுக்குடியிருப்பு)

அவர்கள் செய்தது சரி. 2009இல் சண்டை நடந்த இடத்து மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் இருக்கும். பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே தெரியாது. வாள் பட்டால் பல் பறந்து அரிபவரின் உயிருக்கே ஆபத்து. பட்டையில் தழும்போ வீக்கமோ, வெட்டுமுகத்தில் கருநீலக் கறையோ இருந்தால் உள்ளே இரும்பு என்று நினையுங்கள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியுள்ள மரக்காலையைத் தேடுங்கள். வெடிக்காத பொருள்போல் ஏதும் தெரிந்தால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

15 வருடத் தேக்கு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? (நெடுங்கேணி)

இளந்தேக்கில் வெள்ளைதான் (வைரத்தைச் சுற்றியுள்ள முற்றாத பகுதி) அதிகம், அதைக் கறையான் தின்னும். சாயம் பூசியிருந்தால் முனையை உளியால் சீவிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், வைரத்தைப் பாருங்கள்.

பழைய எஞ்சின் ஒயில் பூசினால் கறையான் வராதா? (முழங்காவில்)

நெடுநாள் தடுக்காது, பிறகு பெயின்றும் பிடிக்காது. மாமரம் போன்ற மென்மரத்தைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடலாம். மழை படாத இடத்துக்கு மட்டும், மழை அதைக் கழுவிவிடும்.

சொந்தக் காணி முதிரைக்கும் பேமிட் வேண்டுமா? (கிளிநொச்சி)

வேண்டும், வெட்டவும் ஏற்றவும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் கைக்கு வருமுன் லொறி பிடிக்க வேண்டாம்.