கேளுங்கள், சொல்கிறோம்: கொள்கைக்காரரா, கரை சேர்பவரா?

கேள்வி: அமெரிக்கக் குடியரசுக் கட்சியில் கொள்கைப் பிடிப்புள்ளவரை நிறுத்தினால் தோற்றுவிடுவாராமே, ஏன்? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சில நேரம் தோற்பார், சில நேரம் ஜெயிப்பார். நம்மூரில் விருப்ப மனு, நேர்காணல், தலைமையின் பட்டியல், அவ்வளவுதான். அங்கே வேட்பாளர் தேர்வே தனித் தேர்தல். 2010-ல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் டெலவேர் மாநிலத்துக்கான இடத்துக்கு, முன்னாள் ஆளுநரும் மிதவாதியுமான மைக் கேசில்தான் ஜெயிப்பார் என்றன கருத்துக்கணிப்புகள். ஆனால் உள்கட்சித் தேர்தலில் பதிவு செய்த கட்சிக்காரர்களுக்கு மட்டுமே ஓட்டு. விழுந்தவை ஏறத்தாழ 57,000. சுமார் 30,500 வாங்கிய தீவிர வலதுசாரி கிறிஸ்டின் ஓடானல் வேட்பாளரானார். நவம்பர் பொதுத் தேர்தலில் வாக்களித்தவர்களோ 3 லட்சத்துக்கு மேல். ஓடானல் 40 சதவீதத்தில் நின்று தோற்றார். வட்டச் செயலாளர்கள் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய பேச்சைக் காசிமேடு மீன் ஏலத்தில் பேசினால் என்ன ஆகும், அதே கதை.

'ஜெயிக்கக்கூடியவர்களில் அதிக வலதுசாரி யாரோ, அவரை நிறுத்து' என்பது பத்திரிகையாசிரியர் வில்லியம் பக்லி 1967-ல் சொன்ன வழி. ஆனால் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே எவருக்குத் தெரியும்? அதே 2010-ல் ஃபுளோரிடாவின் செனட் இடத்துக்கு அம்மாநில ஆளுநர் சார்லி கிறிஸ்ட்தான் பலசாலி என்றார்கள். உள்கட்சியில் பின்தங்கியதும் அவர் சுயேச்சையாகப் போனார். கொள்கைக்காரரான மார்கோ ரூபியோ ஜெயித்தார். எங்கள் கருத்தில், வேட்பாளரை எடைபோடும்போது உள்கட்சி ஆதரவைத் தள்ளிவைத்து, கட்சி சாராதவர்களிடம் எடுத்த கணிப்பை மட்டும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கோல்ட்வாட்டர் தோற்றது கொள்கையாலா? – வாசகி, வியாசர்பாடி

பதில்: 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற தீவிர வலதுசாரி அவர். கிடைத்தது 6 மாநிலங்கள். ஏறக்குறைய அதே கொள்கையோடு 1980-ல் அதே கட்சியின் ரீகன் 44 மாநிலங்களை வென்று அதிபரானார். சொன்ன விதமும் காலமும் வேறு.