"நான் ஒரு வாரம் இல்லாவிட்டால் பள்ளி நின்றுவிடும்"

கேள்வி: மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளியை 11 ஆண்டுகளாக நடத்துகிறேன். 62 பிள்ளைகள், 14 பணியாளர்கள். காலை 7 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 9 ஆகிவிடும். அதற்கு அப்புறமும் பெற்றோர், நன்கொடையாளர் என்று போன் வந்துகொண்டே இருக்கும். போன மாதம் ரத்த அழுத்தம் 160/100. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். ஞாயிறு ஒருநாள் வீட்டில் இருந்தாலே குற்ற உணர்ச்சி. நான் இல்லாவிட்டால் அங்கே எதுவும் நடக்காது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் ரத்த அழுத்தம், தோழி. மாத்திரை கொடுத்திருந்தால் ஒருநாள்கூட விடாதீர்கள், இந்த வாரமே மறுபடி போய்ப் பாருங்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லியிருக்கின்றன. உங்கள் வாரமோ 80 மணி நேரத்தைத் தாண்டுகிறது.

சரி, ஓய்வெடுங்கள் என்று நானும் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் மனசு பிள்ளைகளிடம் இருக்கிறது. அதனால் பிள்ளைகளை வைத்தே பேசுகிறேன். உங்கள் கடைசி வரிதான் என்னைக் கலங்கவைத்தது. ஒருவர் படுத்தால் 62 பிள்ளைகளின் பள்ளி நின்றுபோகும் என்றால், அதைச் சரிசெய்வதுதான் இப்போது உங்கள் முதல் வேலை.

இங்கிலாந்தின் லாய்ட்ஸ் வங்கிக் குழுமத் தலைமைக்கு 2011-ல் வந்த அன்டோனியோ ஹோர்ட்டா-ஓசோரியோ, அதே ஆண்டு நவம்பரில் தூக்கமே இல்லாமல் உடைந்துபோய் விடுப்பில் போனார். அடுத்த ஜனவரியில் திரும்பி வந்தவர், எல்லாம் தன் மேஜைக்கே வரும் முறையை மாற்றிக்கொண்டார். இன்னொருவர் நம் மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளியைத் தயார்செய்வது முதல் பல வேலைகளை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஒரு மேஜையில் அறுவை சிகிச்சை முடியும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டரின் கை, டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2006-ல் அவர் காலமானார், மருத்துவமனை இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த 14 பேரில் மூத்த ஆசிரியை ஒருவர் நிச்சயம் உங்கள் மனதில் வருவார். அவரிடம் எடுபிடி வேலையைத் தள்ளாதீர்கள், அதிகாரத்தைக் கொடுங்கள். வேன் வராவிட்டால் யாருக்கு போன், 5,000 ரூபாய் வரை செலவுக்கு யார் சரி சொல்வது, பெற்றோர் புகாருக்கு யார் பதில் சொல்வது என்பதை அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள், காசோலையில் கையெழுத்துப் போட இன்னொருவரையும் சேருங்கள். அப்புறம் மூன்று நாள் ஊரில் இல்லாமல் இருந்து பாருங்கள். தவறு நடக்கும். நீங்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் செய்ததைவிட அதிகமாக நடக்காது. அந்த மூன்று நாளும் குற்ற உணர்ச்சி இருக்கத்தான் செய்யும், அதற்காகப் பாதியில் திரும்பி வந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத் தலைவர் தங்கமானவர். ஆனால் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை சொல்கிறார். யாரும் தூங்குவதில்லை.
– வாசகர், திருச்சி

பதில்: தங்கமானவர் என்கிறீர்களே, பகலில் நேரிலேயே சொல்லுங்கள். "அவசரம் என்றால் கூப்பிடுங்கள் சார், உடனே எடுக்கிறோம், மற்றதைக் காலையில் பார்க்கிறோம்" என்றால் போதும். நீங்கள் இரவிலேயே பதில் போடுவதால், அது உங்களுக்குச் சிரமமில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.