பின்லாந்து ஏரிகளைச் சுற்றிவரக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் கோவையில் தனியார் நிறுவனங்களில் பணிபுரிகிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 1.30 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 65,000, வீட்டுக்கடன் தவணை 20,000, மகளின் மேற்படிப்புக்காகப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) 15,000 போக 30,000 மிஞ்சுகிறது. அவசரத் தேவைக்கென 4 லட்சம் தனியே இருக்கிறது. அது தவிர வைப்புநிதியில் 2.40 லட்சமும் ஃபண்டில் 5.20 லட்சமும் உள்ளன. மகளுக்கு ஒன்பது வயது. பின்லாந்தின் ஏரிப் பகுதியில் பத்து நாள் காரில் சுற்றிவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. வரும் ஜூலையில் அழைத்துச் சென்றுவர ஒரு பயண முகவர் மூவருக்கும் சேர்த்து 9.80 லட்சம் கேட்கிறார். வங்கியில் 14 சதவீத வட்டிக்கு 8 லட்சம் தனிநபர் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். கடன் வாங்கலாமா, அல்லது ஃபண்டிலிருந்து எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வருமானத்துக்கு இந்தப் பயணம் எட்டக்கூடியதுதான். இந்த ஜூலைக்கு மட்டும்தான் எட்டாது. அடுத்த ஆண்டு மே மாதக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தால், ஒரு ரூபாய் கடனில்லாமல், மகளின் படிப்புப் பணத்தைத் தொடாமல் போய்வரலாம்.

முதலில் கடனைப் பார்ப்போம். 8 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 27,340 ரூபாய் வரும்; வட்டியாக மட்டும் 1.84 லட்சம் கட்டியிருப்பீர்கள். உங்கள் மாத மிச்சமே 30,000 ரூபாய்தான் என்பதால், பத்து நாள் பயணத்துக்காக மூன்றாண்டுகள் உங்கள் குடும்பத்தின் சேமிப்பு ஏறக்குறைய நின்றுபோகும். இடையில் இருவரில் ஒருவருக்கு வேலை போனால், அவசரநிதியாக வைத்திருக்கும் 4 லட்சம் இந்தத் தவணைக்கே கரையத் தொடங்கும். ஃபண்டிலிருந்து எடுப்பது வட்டியில்லாத வழிபோலத் தோன்றலாம். உங்கள் மகள் கல்லூரியில் சேர இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 11 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், இன்று எடுக்கும் 5 லட்சம் அன்றைக்கு ஏறத்தாழ 11.5 லட்சமாக நின்றிருக்க வேண்டிய பணம். வளர்ச்சி அதைவிடக் குறையலாம், கூடலாம். ஆனால் சேர்க்கைக் கட்டணம் கட்டும் தேதி காத்திருக்காது.

இனி பயணச் செலவுக்கு வருவோம். பின்லாந்து ஏரிப் பகுதியில் ஓட்டும் தூரத்தைவிட, எந்த மாதம் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பவையே செலவைத் தீர்மானிக்கின்றன. ஹெல்சிங்கியிலிருந்து கிழக்கே லப்பேன்ரன்டா, இமாத்ரா வழியாக ஆறாம் எண் நெடுஞ்சாலையில் சென்று, பாரிக்கலாவைத் தாண்டிப் பதினான்காம் எண் சாலையில் புன்காஹர்யுவையும் சவொன்லின்னாவையும் அடைந்து, வடக்கே குவோப்பியோவைத் தொட்டு, யூவாஸ்குலா வழியாகத் திரும்பினால், அக்கம்பக்கச் சுற்றல்களையும் சேர்த்து 1,300 கிலோமீட்டருக்குள் அடங்கும். அந்நாட்டுச் சாலைகளில் சுங்கக் கட்டணம் கிடையாது. பொதுச் சாலை நீரிணைகளில் முடியும் இடங்களில் காரை ஏற்றிக் கரைசேர்க்கும் மஞ்சள் நிறப் படகுகளும் இலவசம். லிட்டர் பெட்ரோல் 1.80 யூரோ என்று வைத்தால், முழுப் பயணத்துக்கும் எரிபொருள் 150 யூரோவைத் தாண்டாது. தண்ணீருக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய மேடாக ஓடும் புன்காஹர்யு, பனியுகம் விட்டுச்சென்ற மணல்மேடு. அதன்மேல் செல்லும் பைன்மரச் சாலையில் இருபுறமும் ஏரியைப் பார்த்தபடி போவதற்கு யாரும் காசு கேட்பதில்லை. தேசியப் பூங்காக்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

பணம் கரைவது தங்குமிடத்தில்தான். பின்லாந்து மக்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் விடுமுறை எடுக்கிறார்கள். ஜூன் இறுதியில் வரும் கோடைநடுத் திருநாளிலிருந்தே ஏரிக்கரைக் குடில்களின் வாடகை ஏறிவிடும். சவொன்லின்னாவில், 1475-இல் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டைக்குள் ஜூலையில் ஓபரா விழா நடப்பதால், அந்த வாரங்களில் ஊரில் அறை கிடைப்பதே அரிது. உங்கள் முகவர் சொல்லும் 9.80 லட்சத்தில் ஒரு பங்கு இந்த ஜூலை விலைதான். மே கடைசியிலோ அங்கே பள்ளிகள் மூடியிருக்காது. இங்கே உங்கள் மகளுக்கு விடுமுறை முடிந்திருக்காது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஏரித் தண்ணீர் குளிக்க முடியாதபடி சில்லென்றிருக்கும் என்பதும், சில உல்லாசப் படகுகள் ஜூனில்தான் ஓடத் தொடங்கும் என்பதும் குறைகள். அந்தக் குறைகளுக்காக ஜூலை விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பத்து இரவுகளில் ஏழு இரவுகளைச் சவொன்லின்னா பக்கத்தில் ஒரே குடிலில் கழியுங்கள். குடில்கள் வாரக்கணக்கில்தான் மலிவு. சமையலறை, சவுனா எனப்படும் நீராவிக் குளியலறை, பெரும்பாலும் ஒரு துடுப்புப் படகு ஆகியவை வாடகையிலேயே அடக்கம். ஆனால் படுக்கை விரிப்பு, துண்டு, புறப்படும்போது செய்யும் துப்புரவு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். முன்பதிவுப் பக்கத்தின் அடியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு குடில்களை ஒப்பிட வேண்டும். விரிப்புகளை இங்கிருந்தே எடுத்துச் சென்று, துப்புரவையும் நீங்களே செய்தால், வாரத்துக்கு நூறு யூரோவுக்கு மேல் மிச்சமாக வாய்ப்புண்டு. சமையல் பொருள்களை லிடில், எஸ்-மார்க்கெட் போன்ற கடைகளில் வாங்குங்கள். வெளியில் சாப்பிடும் நாளில், வாரநாள்களில் நண்பகல் உணவு என்று நெடுஞ்சாலை உணவகங்களில் பரிமாறும் பஃபேயைத் தேர்ந்தெடுங்கள்; அதே இடத்தில் இரவுச் சாப்பாடு அதிக விலை. குடிநீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். ஹெல்சிங்கியின் குழாய்த் தண்ணீரே, பையான்னே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் பாறைச் சுரங்கத்தின் வழியே வருவதுதான். குளிர்பானம் வாங்கினால் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்: விலையோடு சேர்த்து வாங்கும் முன்பணத்தை, கடை வாசலிலுள்ள இயந்திரத்தில் காலிப் பாட்டிலைப் போட்டு வரும் சீட்டைக் காட்டித் திரும்பப் பெறலாம், அலுமினியக் கேனுக்கு 15 சென்ட், ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 40 சென்ட்.

ஒரு யூரோவை 110 ரூபாய் என்று சற்றுக் கூடுதலாகவே வைத்து என் கணக்கைச் சொல்கிறேன். இவை என் மதிப்பீடுகள். பதிவு செய்யும்போது நீங்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதம் இந்தியாவிலிருந்து விமானக் கட்டணம் கூடும் காலம் என்பதால் தலைக்கு 85,000 வீதம் மூவருக்கு 2.55 லட்சம். பின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 45 யூரோ. சேவைக் கட்டணத்தையும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்து 35,000 ரூபாய். சிறிய ஆட்டோமேட்டிக் காருக்குக் கூடுதல் காப்பீட்டோடு 700 யூரோ, அதாவது 77,000, எரிபொருள் 16,500, தங்குமிடம் 1.30 லட்சம், சாப்பாடு 60,000, படகு, கோட்டை, வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்கு 27,500. மொத்தம் 6 லட்சத்தைச் சற்றே தாண்டும். எதிர்பாராத செலவுக்கு 50,000 சேர்த்து 6.50 லட்சத்தை இலக்காக வையுங்கள். உங்களிடம் 2.40 லட்சம் இருக்கிறது. அடுத்த மே வரை உள்ள பதினான்கு மாதங்களில் 30,000 வீதம் சேர்த்தால் 4.20 லட்சம் வரும். கூட்டிப் பார்த்தால் 6.60 லட்சம், அதற்கு மேல் வட்டி. இந்தப் பணத்தைத் தொடர் வைப்பிலோ, குறுகிய காலக் கடன்பத்திரங்களில் முதலிடும் லிக்விட் ஃபண்டிலோ மட்டும் சேருங்கள். பதினான்கு மாதத் தேவைக்குப் பங்குச்சந்தை ஏற்ற இடமன்று. யூரோ மேலும் ஐந்து ரூபாய் ஏறினாலும் உங்களுக்குக் கூடுவது சுமார் 15,000 ரூபாய்தான். அது ஒதுக்கிவைத்த தொகைக்குள் அடங்கிவிடும்.

முகவரின் தொகுப்பை வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்வரி, பிடிப்பார்கள். அது கூடுதல் வரி அன்று. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். என்றாலும் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். நீங்களே ஏற்பாடு செய்து, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றும்போது, ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் கிடையாது.

ஃபாரெக்ஸ் கார்டு மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கார் வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும், ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்டு அதில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கும். வண்டியைத் திருப்பிய பிறகு அதை விடுவிக்கச் சில நாள்கள் ஆகலாம். கிராமப்புறப் பெட்ரோல் நிலையங்கள் பல ஆளில்லாதவை. அங்கும் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தினால்தான் குழாய் திறக்கும், அங்கும் ஒரு தொகை தற்காலிகமாகப் பிடிபடும். ஆகவே வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கிவிட்டு, போதிய வரம்புள்ள கிரெடிட் கார்டை எடுத்துச் செல்லுங்கள். பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு என்பதால் அன்றாடச் செலவை ஃபாரெக்ஸ் கார்டிலேயே செய்யுங்கள். ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி வைத்ததே மாற்று விலை.

காரின் கூடுதல் காப்பீட்டை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அந்திப் பொழுதில் மூஸ் எனப்படும் பெரிய காட்டுமான் குறுக்கே பாய்வது அச்சாலைகளில் உண்மையான அபாயம்; அடிப்படைக் காப்பீட்டில் சேதத்தின் முதல் ஆயிரம் யூரோவோ அதற்கு மேலோ நம் தலையில் விழலாம். நமக்கு இடப்பக்க ஓட்டம், அங்கே வலப்பக்கம். வேக வரம்பை 20 கிலோமீட்டருக்கு மேல் மீறினால் அங்கே அபராதத்தை ஓட்டுபவரின் வருமானத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அடுத்த ஆண்டு வாங்கினால் போதும்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மார்ச் மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கு அறிக்கையும் கொடுக்க வேண்டும். திடீரென விழுந்த 8 லட்சம் கடன் தொகைக்கு அங்கே விளக்கம் சொல்ல நேரலாம். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சேர்ந்துவந்த தொகைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.