மைக்கேல் ஜாக்சன் இறந்த பிறகும் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறாராமே, எப்படி? அதை யார் நிர்வகிக்கிறார்கள்?

நாலு நாளாக இந்தக் கேள்வி என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, பதில் எழுத வேண்டாம் என்றுதான் கடந்து போனேன். ஆனால் கேட்டவர் கேள்விக்குக் கீழே, "பிணத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்களே, வெட்கமாக இல்லையா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். இதே வரியைச் சொந்த அக்கா வாயால் கேட்டவன் நான். அதனால் எழுதுகிறேன்.

நான் வக்கீல் கிடையாது, ஆடிட்டரும் கிடையாது. என் அப்பாவையும் மைக்கேல் ஜாக்சனையும் ஒரே பதிலில் வைப்பதற்கு யாராவது சிரிக்க வருவீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். காகிதம் என்று வந்துவிட்டால் ரெண்டு பேர் கதையும் ஒன்றுதான்.

முதலில் ஜாக்சன். அவர் 2009 ஜூன் 25இல் இறந்தபோது உலகமே அழுதது, ஆனால் கணக்குப் புத்தகத்தில் இருந்தது கடன். 50 கோடி டாலருக்கும் மேல் என்று நிர்வாகிகளே பின்னாளில் கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் 50 நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டு, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். 2002இல் எழுதிய உயில் ஒன்று இருந்தது. அதில் நிர்வாகிகள் என்று இருந்த பெயர்களில் கடைசியில் பொறுப்பேற்றது வக்கீல் ஜான் பிராங்காவும், இசைத்துறைக்காரர் ஜான் மெக்ளெய்னும். சொத்து ஒரு குடும்ப டிரஸ்டுக்குப் போனது. மூன்று பிள்ளைகளுக்கு 40 சதவீதம், அம்மாவுக்கு 40, தர்மத்துக்கு 20. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, கூடப் பிறந்தவர்களுக்கும் ஒன்றுமில்லை. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரெண்டு பேரும் முதலில் செய்த வேலை, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. ஒத்திகையைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். நடக்காமலே போன நிகழ்ச்சியின் ஒத்திகைதான், அதை அக்டோபரிலேயே சினிமாவாகத் திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள், உலகம் முழுக்க 26 கோடி டாலர் வசூல். அடுத்த வருஷம் சோனியோடு பெரிய ஒப்பந்தம். அப்புறம் சர்க்கஸ் நிறுவனத்தோடு சேர்ந்து லாஸ் வேகாஸில் நிரந்தர நிகழ்ச்சி, நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நாடகம்.

இதையெல்லாம் விடப் பெரிய பணம் அவர் பாடாத பாட்டில் வந்தது. 1985இலேயே பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டுகள் உள்ள ஒரு பாடல் உரிமை நிறுவனத்தை 4.75 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டிருந்தார் மனுஷன். பத்து வருஷம் கழித்து அதைச் சோனியின் நிறுவனத்தோடு இணைத்து, பாதி பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்தப் பாதியை அடமானம் வைத்துத்தான் கடனில் பெரும்பகுதியை வாங்கியது. நிர்வாகிகள் அது ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றி, 2016இல் சோனிக்கே 75 கோடி டாலருக்கு விற்றார்கள்.

பாட்டு என்பது ஒரு சொத்து இல்லை, ரெண்டு சொத்து. இது எனக்குத் தெரிவதற்குள் வருஷக்கணக்கு ஓடிவிட்டது. மெட்டும் வரியும் ஒரு சொத்து, ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. "திரில்லர்" பாட்டை எழுதியது ராட் டெம்பர்டன் என்பவர், அது ஒலித்தால் எழுதியவர் பங்கு அவர் பக்கம் போகும். "பில்லி ஜீன்" ஜாக்சனே எழுதியது, அதனால் அதில் ரெண்டு பக்கமும் வரவு. நமக்கு ரெண்டும் ஜாக்சன் பாட்டு, அவ்வளவுதான். காசுக்குத்தான் வழி வேறு வேறு.

இப்போது எங்கள் வீட்டுக் கதை.

அப்பா தென்காசிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சாயங்காலம் ஆனால் ஆர்மோனியம். கல்யாண வீடுகளில், கோயில் கொடைகளில் மெல்லிசைக் குழுவோடு பாடுவார், அம்மன் பாட்டுக்குச் சொந்தமாக வரி எழுதி மெட்டும் போடுவார். (சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கச்சேரிக்கு வந்த கலைஞர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கும் வழக்கத்தை எவன் கண்டுபிடித்தானோ. ராத்திரி பதினொன்றரைக்கு மேடையிலிருந்து இறங்கி வந்தால் இலையில் சோறும் தண்ணியாகிப்போன ரசமும்தான் இருக்கும், அப்பளம்கூட தீர்ந்திருக்கும். சின்னப் பிள்ளையாக அப்பாவோடு போய் அப்படி எத்தனை ராத்திரி சாப்பிட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் தூரத்துச் சொந்தக்காரன் மூன்றாவது பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டிருப்பான். இன்றைக்கு டிஜே வைப்பவர்கள் அவர்களுக்காவது நேரத்துக்குச் சோறு போடுங்கள்.)

1997இல் ஒரு கேசட் கம்பெனி கூப்பிட்டது. அப்பா சங்கத்தில் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினார், சென்னையில் ஒரே ராத்திரியில் 8 பாட்டு பதிவு. 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அதில் அம்மாவுக்கு ஒரு சேலை, எங்களுக்கு ஒரு டேப் ரெக்கார்டர். அந்தக் கேசட்டில் இரண்டாவது பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆடி மாசம் வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் கோயில் குழாயைக் கேட்டாலும் அப்பா குரல். அவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்கிட்டு" என்று வருத்தப்படுவார், ஒவ்வொரு வருஷமும்.

2017இல் அப்பா தவறிவிட்டார். ரெண்டு வருஷம் கழித்து, அவர் வீட்டில் ஆர்மோனியம் வாசித்துப் பாடியதை போனில் பிடித்து வைத்திருந்தேன், அதை யூடியூபில் ஏற்றினேன். பேரப்பிள்ளைகள் கேட்கட்டும் என்றுதான், காசு எண்ணமே இல்லை. மறுநாள் காலையில் காப்பிரைட் க்ளெயிம். அந்தப் பாட்டு அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாம், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகுமாம். எங்கள் வீட்டுத் திண்ணையில், எங்கள் அப்பா, தான் எழுதிய பாட்டைத் தானே பாடியதற்கு! கம்பெனியின் சேனலில் போய்ப் பார்த்தால் அதே பாட்டு லட்சக்கணக்கான பார்வை, கீழே பாடலாசிரியர் பெயர்கூட இல்லை.

கோபத்தில் கிளம்பியவன்தான். திருநெல்வேலியில் ஒரு வக்கீலம்மா, "கோபத்தை அப்புறம் படுங்க, அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கா, முதல்ல அதைக் கொண்டாங்க" என்றார். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் ஆர்மோனியப் பெட்டியின் அடித்துணிக்குக் கீழே கிடைத்தது ஒரு கார்பன் நகல், மங்கிப்போன நீல மசி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அப்பாவின் கையெழுத்து. "மேற்படி 8 பாடல்களுக்கும் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன். உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன்" என்று இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வக்கீலம்மா ரெண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தார்கள், "எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலையே" என்று.

நம் காப்புரிமைச் சட்டத்தில் 19ஆவது பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம் என்றுதான் கணக்கு. 1995க்கு முந்தைய காகிதமாக இருந்திருந்தால் இது உதவாது, எங்களுடையது 1997. எழுதியவர் இறந்தபின் 60 வருஷம் வரை வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒலிப்பதிவு கம்பெனியுடையது, அதில் கை வைக்க முடியாது. வரியும் மெட்டும் திரும்பக் கேட்கலாம்.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் வாரிசுச் சான்றிதழ். அதற்கு நான் நடந்த நடையைச் சொன்னால் தனிப் பதிலாகிவிடும். ஆச்சி, அப்பாவைப் பெற்றவர், அப்போது உயிரோடு இருந்தார், சட்டப்படி அவரும் வாரிசு. ஜாக்சனின் அம்மாவுக்கு 40 சதவீதம் என்று படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. 88 வயசில் பெருவிரலை மையில் தொட்டுவிட்டு, "எம் பிள்ளை பாட்டுக்கு எங்கிட்ட எதுக்குல கைநாட்டு?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் அக்கா வெடித்தாள். "அப்பா சாமிக்குன்னு பாடினாரு. அதை வச்சுக் காசு கேட்டு கேஸு போடுதியே, அப்பாவை விக்கப் போறியா?" என்றாள். அப்புறம்தான் அந்தப் பிணம், பிழைப்பு எல்லாம். அத்தான் ஒருபடி மேலே போய், நான் ஏற்கனவே கம்பெனியிடம் தனியாகப் பணம் வாங்கிவிட்டேன் என்று கல்யாண வீட்டில் நாலு பேரிடம் சொல்லிவைத்தார். வக்கீல் கட்டணம் என் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்த மாசம் அது.

ஜாக்சன் குடும்பத்திலும் இதுதான் நடந்தது. 2012இல் அவருடைய உடன்பிறப்புகள் சிலர், உயிலே போலி, உயிலில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று போட்டிருக்கும் தேதியில் அவர் நியூயார்க்கில் இருந்தார், நிர்வாகிகள் விலக வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். உயில் நிலைத்தது, நிர்வாகிகளும் நிலைத்தார்கள். நான் பிராங்காவுக்கு வக்காலத்து வாங்கவில்லை, அவர்கள் கமிஷன் வாங்கிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள், அது சின்னத் தொகையும் இல்லை. தப்பும் நடந்திருக்கிறது. 2010இல் வந்த ஆல்பத்தில் 3 பாட்டு அவர் குரலே இல்லை என்று ரசிகர்கள் கத்தினார்கள், ஒரு ரசிகை வழக்கே போட்டார், கடைசியில் 2022இல் அந்த மூன்றையும் தளங்களிலிருந்து எடுத்தார்கள். 12 வருஷம்! இதில் ரசிகர்களைத்தான் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் வரித்துறையோடு நடந்த வழக்கைப் பாருங்கள். இறந்த அன்றைக்கு ஜாக்சனின் பெயரும் முகமும் என்ன விலை என்று கேள்வி, அதை வைத்துத்தான் வரி. நிர்வாகிகள் எழுதியது 2,105 டாலர், நான் பூஜ்யத்தை விட்டுவிடவில்லை. வரித்துறை சொன்னது 43 கோடி டாலருக்கு மேல். ஏழெட்டு வருஷம் இழுத்து 2021இல் நீதிபதி சொன்னது 41.5 லட்சம் டாலர். சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டுகளால் அவர் பெயர் அந்த நேரத்தில் எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதை அவர் தரப்பே கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த வேலையை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தால் செய்ய முடியுமா, சொல்லுங்கள்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ். 2016இல் உயில் எழுதாமல் போனார். உடன்பிறப்புகள் 6 பேர் வாரிசு, வங்கி நிர்வாகம், வரித்துறையோடு சண்டை, எல்லாம் தீர 6 வருஷம். பாடகி அரேதா ஃபிராங்க்ளின் கையால் எழுதிவைத்த நோட்டு ஒன்று சோஃபா மெத்தைக்கு அடியில் கிடைத்து, அது உயில்தான் என்று 2023இல் ஜூரி சொன்னது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அங்கயும் அடியிலதான் சொருகி வைப்பாகளா?" என்றாள்.

எங்கள் விஷயம் கோர்ட்டுக்குப் போகாமலே 2022இல் முடிந்தது. கம்பெனி இறங்கி வந்தது. பழைய கணக்குக்கு ஒரு தொகை (வக்கீல் கட்டணமும் போக்குவரத்தும் போனால் கொஞ்சம்தான்), இனி பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கு எங்களுக்கு, அப்பா பெயர் போட வேண்டும். ஐபிஆர்எஸ் என்கிற பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கத்திலும் வாரிசாகச் சேர்ந்தாயிற்று. முதல் அரையாண்டுக் கணக்கு 11,240 ரூபாய். அந்தத் தாளை நான் வரி வரியாகப் படித்தேன். நாடு, தளம், எத்தனை தடவை, எத்தனை பைசா. மலேசியாவில் ஆடி மாசம் மட்டும் திடீரென்று ஏறியிருந்தது. அந்த ஊரில் யாரோ ஒருவர் விடியற்காலை அப்பாவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

போன வருஷம் ஒரு பையன் போன் செய்தான், அப்பா குரலை ஏஐயில் செய்து புது அம்மன் பாட்டு போடலாமா என்று. கேட்டுவிட்டுச் செய்கிறானே என்பதற்காகவே மரியாதையாகப் பேசினேன். 2024இல் ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைப் பயன்படுத்தியபோது குடும்பத்திடம் அனுமதி வாங்கிச் சம்பளமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே சமயம் எஸ்பிபி குரலைக் கேட்காமல் எடுத்ததாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் மகன் நோட்டீஸ் அனுப்பினார். போனை அம்மாவிடம் கொடுத்தேன். "அவுக ஒரு சரணம் சுருதி இறங்குனதுக்கே இருவது வருஷம் வருத்தப்பட்டாக. நீங்க பாட வைக்கதுல தப்பு வந்தா யாருய்யா வருத்தப்படுவா?" என்று கேட்டாள். பையன் நல்ல பையன், வைத்துவிட்டான்.

ஆச்சி போன வருஷம் போய்விட்டார், அவர் பங்கை அவர் சொன்னபடி ஊர்க் கோயில் விளக்குக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அக்கா இந்தத் தளத்தில் வேறு பெயரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அக்கா, ஜூன் வரைக்குமான உன் பங்கு 3,120 ரூபாய் திங்கட்கிழமையே போட்டுவிட்டேன், பாஸ்புக்கில் பார். கணக்குத் தாள் அம்மாவிடம் இருக்கிறது. அத்தானிடமும் காட்டு.