துஜாவை ஒட்ட வெட்டலாமா?

கேள்வி: தோட்டத்தில் வைத்த துஜா (என்றும் பசுமையாக இருக்கும் அழகுச் செடி) செடியின் உள்பக்கம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. ஒட்ட வெட்டினால் புதிதாகத் துளிர்க்குமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து துஜா பெரும்பாலும் துளிர்க்காது, வெட்டிய இடம் மொட்டையாகவே நின்றுவிடும். பச்சை நுனிகளை மட்டும் லேசாகக் கத்தரியுங்கள். உள்ளே வெயில் படாத பழைய இலைகள் காய்ந்து உதிர்வது இயல்புதான், கையால் உதறிவிட்டால் போதும். நுனியும் சேர்ந்து காய்ந்தால்தான் வேரைச் சந்தேகப்பட வேண்டும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், சொதசொதவென்று இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள் (வாடுகிறதே என்று மேலும் மேலும் ஊற்றித்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள்). அப்புறம், ஒரு கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது சிலந்திப்பேன், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.